ஒடெசா ஏன் விழவில்லை: கடலூர்க் கரையிலிருந்து ஒரு பார்வை

உக்ரைன் போரைப் பற்றி நம் தொலைக்காட்சிகளும் நாளேடுகளும் தரும் செய்திகள் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியவை. எந்த ஊர் விழுந்தது, எந்தக் கிராமம் மீட்கப்பட்டது, போர்முனை எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்ற கணக்கோடு அவை நின்றுவிடுகின்றன. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் எல்லை தாண்டியதிலிருந்து இப்போரை விடாமல் படித்துவரும் எனக்கு, இதுவரை எட்டப்பட்ட முடிவுகளுள் மிக முக்கியமானது கருங்கடலில்தான் எட்டப்பட்டது என்று தோன்றுகிறது. அக்கரையில் உள்ள உக்ரைனின் துறைமுக நகரமான ஒடெசா விழாமல் தப்பியதைத்தான் சொல்கிறேன். கடலூர்க்காரன் கடலைப் பற்றித்தான் பேசுவான் என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும். செய்யட்டும். முற்றுகைக்கு ஆளான ஒரு துறைமுக நகரம் எப்போது விழும், எப்போது தப்பும் என்பதற்கு நம் கரையிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

1760ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை, பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியைத் தரைவழியே வளைத்திருந்தது. கடல்வழியை ஆங்கிலேயக் கப்பல்கள் அடைத்திருந்தன. உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலியின் வீரர்கள் பட்டினியால் வாடினார்கள். 1761 புத்தாண்டையொட்டி வீசிய புயல் முற்றுகைக் கப்பல்களில் பலவற்றை உடைத்தெறிந்தபோது கடல் சில நாட்களுக்குத் திறந்து கிடந்தது. மொரீஷியஸில் தங்கிவிட்ட பிரெஞ்சுக் கப்பற்படை அந்த நேரம் பார்த்து வந்திருந்தால் நகரம் பிழைத்திருக்கக்கூடும். அது வரவில்லை, தப்பிய ஆங்கிலேயக் கப்பல்கள் திரும்பி வந்து வழியை மறுபடி அடைத்தன, ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. அதன் கோட்டையும் மாளிகைகளும் பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1783 ஜூன் மாதத்தில், இங்கே கடலூரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையையும் அதற்குத் துணை நின்ற மைசூர் வீரர்களையும் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை வளைத்திருந்த வேளையில், பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் 15 போர்க்கப்பல்களுடன் வந்து 18 கப்பல்கள் கொண்ட ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் அணியை ஜூன் 20 அன்று எதிர்கொண்டார். தண்ணீர்ப் பற்றாக்குறையும் நோயும் வாட்டிய ஹியூஸின் அணி சென்னைக்கு விலகிச் சென்றது. சுஃப்ரென் தம் கப்பல்களிலிருந்து 2,000க்கும் மேற்பட்டோரைக் கரையிறக்கிப் புஸ்ஸிக்கு வலுவூட்டினார். முற்றுகையிட்டவர்களே திண்டாடிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சண்டை நின்றது. லாலி, புஸ்ஸி, சுஃப்ரென் ஆகிய மூவரும் இன்று புதுச்சேரியில் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள். தோற்றவருக்கும் வென்றவருக்கும் ஒரே அளவில்தான் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கண்ணோட்டத்தோடு உக்ரைனின் தென்கரையைப் பார்த்தால் 2022ஆம் ஆண்டின் போக்கு தெளிவாகும். அசோவ் கடலோரத்து மரியுபோல், புதுச்சேரியின் நிலையில் இருந்தது. அசோவ் கடலுக்குள் நுழைய இருக்கும் ஒரே வாயிலான கெர்ச் நீரிணை ரஷ்யாவின் பிடியில் இருந்ததால், அந்நகருக்குக் கடல்வழி உதவி வருவதற்கு வாய்ப்பே இல்லை. ரஷ்யா முன்பே கைப்பற்றியிருந்த கிரீமியாவிலிருந்து ஒரு படையும் கிழக்கு உக்ரைன் பகுதியான தொன்பாஸிலிருந்து மற்றொரு படையும் வந்து மார்ச் தொடக்கத்தில் தரைவழியை மூடின. அசோவ்ஸ்தால் உருக்காலைக்குள் ஒடுங்கியிருந்தவர்களுக்கு உக்ரைனிய ஹெலிகாப்டர்கள் உயிரைப் பணயம் வைத்து மருந்தும் தோட்டாக்களும் கொண்டு சேர்த்தன, காயமுற்றவர்களை ஏற்றிவந்தன. ஆனால், ஒரு நகரத்தை ஹெலிகாப்டர்களைக் கொண்டு வாழவைக்க முடியாது. மே 20 அன்று கடைசி வீரர்களும் சரணடைந்தார்கள். அதற்குள் நகரம் பெரும்பாலும் இடிபாடாகியிருந்தது.

ஒடெசாவுக்கும் இதே கதியை உண்டாக்கத்தான் ரஷ்யா திட்டமிட்டிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தென் உக்ரைன் நகரான கெர்சனைப் பிடித்த படை மேற்கே மிக்கொலாயிவ் நகரை நோக்கி நகர்ந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஒடெசா செல்ல முயன்ற பிரிவு மார்ச் மாதத்தில் வொஸ்னெசென்ஸ்க் என்ற சிற்றூரில் தடுத்து நிறுத்தப்பட்டது. கடலில் தரையிறங்கு கப்பல்கள் காத்திருந்தன. உக்ரைனிடம் அப்போது கப்பற்படை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அதன் முதன்மைக் கப்பலான ஹெத்மன் சகைதாச்னி எதிரியின் கையில் சிக்கிவிடக்கூடாது என்று துறைமுகத்திலேயே மூழ்கடிக்கப்பட்டிருந்தது. கப்பலே இல்லாத ஒரு நாடு கடற்போரில் வெல்லும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

திருப்பம் ஏப்ரல் 13 அன்று வந்தது. லாரியிலிருந்து ஏவப்படும், உக்ரைனிலேயே உருவாக்கப்பட்ட நெப்டியூன் ஏவுகணைகள் ரஷ்யக் கருங்கடல் அணியின் தலைமைக் கப்பலான மோஸ்க்வாவைத் தாக்கின. மறுநாள் அது மூழ்கியது. தீவிபத்தும் புயற்கடலுமே காரணம் என்று மாஸ்கோ சொன்னது. அந்தக் கப்பல் சோவியத் காலத்தில் உக்ரைனின் மிக்கொலாயிவ் நகரில்தான் கட்டப்பட்டது. மோஸ்க்வா மூழ்கியதில் ரஷ்யா இழந்தது ஒரு கப்பலை மட்டுமல்ல. ஒடெசாக் கரையை நெருங்கும் எந்தக் கப்பலையும் வானிலிருந்து காக்கும் குடையையும் சேர்த்தே இழந்தது. அடுத்து ஜூன் 30 அன்று, ஒரு சதுர கிலோமீட்டரில் கால்பங்கு கூட இல்லாத பாம்புத் தீவிலிருந்தும் ரஷ்யர்கள் விலகினார்கள். டான்யூப் ஆற்றின் கழிமுகத்துக்கும் ஒடெசாவுக்கும் இடைப்பட்ட கப்பல் தடத்தை அந்தப் பாறைத் தீவிலிருந்து கண்காணிக்கலாம் என்பதால்தான் அதற்காக இத்தனை சண்டை நடந்தது.

இழந்த கப்பலுக்கு ஈடாக வேறொன்றைக் கொண்டுவர முடியாதபடி துருக்கி வாசலைச் சாத்திவிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். 1936ஆம் ஆண்டின் மோன்த்ரே உடன்படிக்கை, போர்க்காலத்தில் பாஸ்போரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடும் உரிமையைத் துருக்கிக்குத் தருகிறது. போர் தொடங்கிய சில நாட்களிலேயே அது அந்த உரிமையைப் பயன்படுத்தியது. ஒரு குண்டும் வீசாமல் ஒரு நாடு இப்போரின் போக்கை இவ்வளவு மாற்றியதற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கப்பல்கள் போக முடியாமல் உக்ரைனின் கிடங்குகளில் 2 கோடி டன்னுக்கும் மேலான தானியம் தேங்கியிருந்தது. போருக்கு முன் உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்பங்குக்கும் மேல் ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து தந்தவை. எகிப்து, லெபனான் போன்ற நாடுகளின் ரொட்டி அதை நம்பியே இருந்தது. 2022 ஜூலை 22 அன்று ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று இஸ்தான்புல்லில் ஏற்படுத்திய உடன்பாட்டின்படி, ஆகஸ்ட் முதல் நாள் ‘ரசோனி’ என்ற கப்பல் மக்காச்சோளத்துடன் ஒடெசாவிலிருந்து புறப்பட்டது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 3.3 கோடி டன் உணவுப்பொருள் அவ்வழியே வெளியேறியது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா உடன்பாட்டிலிருந்து விலகியபோது எல்லாம் முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். நடந்ததோ வேறு. ருமேனியா, பல்கேரியா நாடுகளின் கரையை ஒட்டியபடி செல்லும் தடமொன்றை உக்ரைன் தானே அறிவித்தது. ரஷ்யாவின் இசைவில்லாமலேயே கப்பல்கள் போகத் தொடங்கின. 2024 தொடக்கத்தில் அந்தத் துறைமுகங்களின் ஏற்றுமதி போருக்கு முந்தைய அளவை நெருங்கியது. புயலுக்குப் பிந்தைய அந்த ஜனவரி நாட்களில் புதுச்சேரிக்குக் கிடைக்காமல் போன வாய்ப்பு ஒடெசாவுக்குக் கிடைத்தது.

கிடைத்தது என்பதைவிட, அடித்துப் பெற்றது என்பதே சரி. ஆளில்லாமல் செலுத்தப்படும், வெடிபொருள் நிரப்பிய சிறு விசைப்படகுகளைக் கொண்டு உக்ரைன் ரஷ்யக் கப்பல்களை அவை நின்ற இடத்திலேயே தேடிப்போய்த் தாக்கியது. 2024 பிப்ரவரி முதல் நாள் இவனோவெத்ஸ், அதே மாதம் 14 அன்று சேசர் குனிகோவ், மார்ச் 5 அன்று செர்கெய் கோத்தோவ் என்று ஐந்து வாரத்துக்குள் மூன்று கப்பல்கள் இந்தப் படகுகளுக்கு இரையாயின. அதற்கு முன் 2023 செப்டம்பரில், கிரீமியாவில் உள்ள ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலின் உலர்துறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த தரையிறங்கு கப்பல் ஒன்றும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும் ஏவுகணைகளால் சிதைந்தன. சில நாட்களில் கருங்கடல் அணியின் தலைமையகக் கட்டடமே தாக்கப்பட்டது. அணியின் பெரும்பகுதி கிழக்கே ரஷ்யாவின் நொவொரொசிஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கியது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ரஷ்யா தன் பெருமையாகக் கருதிவந்த செவஸ்தபோல் தளம், அதன் சொந்தக் கப்பல்களுக்கே பாதுகாப்பற்றதாகிவிட்டது. பெரிய கப்பல் வைத்திருப்பவனே கடலை ஆள்வான் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிட்டதை உலகத்துக் கப்பற்படைகள் அனைத்தும், நம்முடையது உட்பட, கவனித்துக்கொண்டிருக்கும்.

ஆனால், கடலில் பெற்ற வெற்றி நிலத்தில் போரை முடித்துவிடாது. இதில் மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. 2023 கோடையில் உக்ரைன் தொடுத்த எதிர்த்தாக்குதல் கண்ணிவெடி வயல்களில் சிக்கி நின்றுவிட்டது. அதன்பின் நடப்பது ஆளை ஆள் தின்னும் தேய்மானப் போர். 2024ஆம் ஆண்டு முழுவதும் போரிட்டு ரஷ்யா பிடித்த நிலம் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். அது நம் கடலூர் மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. அதற்குக் கொடுத்த விலையை ரஷ்ய அரசு சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு 5,937 பேர் இறந்ததாக அறிவித்ததோடு அதிகாரபூர்வக் கணக்கு நின்றுவிட்டது. மீடியாசோனா என்ற ரஷ்யச் செய்தித்தளமும் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் இரங்கல் அறிவிப்புகளையும் கல்லறைகளையும் பார்த்துப் பெயர் பெயராகத் திரட்டிய பட்டியலோ 2025ஆம் ஆண்டில் ஒரு லட்சத்தைக் கடந்தது. உக்ரைன் தரப்பில் 43,000 வீரர்கள் இறந்ததாக 2024 டிசம்பரில் அதிபர் செலன்ஸ்கி சொன்னார். உண்மை எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே போரைக் கவனிப்பவர்கள் நினைக்கிறார்கள். தன் இழப்பைக் குறைத்தும் எதிரியின் இழப்பைக் கூட்டியும் சொல்வது போரிடும் அரசுகளின் வழக்கம். ஆகவே, பெயர் சொல்லி எண்ணப்பட்டவற்றை மட்டுமே நான் நம்புகிறேன்.

இப்போரின் விளைவுகள் நம் பக்கம் வந்ததும் கடல்வழியாகத்தான். உலகிலேயே மிகுதியாகச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதி செய்த நாடு உக்ரைன். நாம் வாங்கியதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. 2022 மார்ச்சில் திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளில் எண்ணெய் பாக்கெட்டின் விலை வாராவாரம் ஏறியதற்கு ஒடெசா அடைபட்டதே காரணம். உரமும் அப்படியே. காட்டுமன்னார்கோயில் விவசாயி ஒரு மூட்டை டிஏபியை 1,350 ரூபாய்க்கே வாங்க முடிந்ததென்றால், உலகச் சந்தை விலைக்கும் அதற்கும் இடைப்பட்ட தொகையை மத்திய அரசு மானியமாகக் கொடுத்ததால்தான். 2022-23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு ஏறியது. விலை பெரிதாக ஏறாததால் அந்தச் சுமை நம் கண்ணில் படவில்லை.

எண்ணெயின் கதை இன்னும் சுற்றிவளைத்து வந்தது. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐரோப்பா வாங்க மறுத்து விலை இறங்கியதும் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியது. இதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. முன்பே இருந்ததோடு சேர்ந்து அது 50 விழுக்காடானது. நம் இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. கிள்ளைப் பக்கம் வனாமி இறால் வளர்க்கும் என் சித்தப்பா மகன், 30 கவுண்ட் (கிலோவுக்கு 30) இறாலுக்கு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, “அண்ணே, ரஷ்யாக்காரன் எண்ணெய் விக்கிறதுக்கும் என் குட்டைக்கும் என்னண்ணே சம்பந்தம்?” என்று கேட்டான். நான் விளக்கினேன், அவனுக்குப் புரிந்தது, ஆனால் நியாயமாகப் படவில்லை. எண்ணெயை வாங்கியது யார், அதில் கிடைத்த தள்ளுபடி யார் கைக்குப் போனது, வரியின் அடி யார் மேல் விழுந்தது என்று அவன் அடுக்கடுக்காகக் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

2025 மார்ச்சில் ரியாதில் அமெரிக்கா இரு தரப்போடும் தனித்தனியே பேசியபோது, முதலில் உடன்பாடு என்று அறிவிக்கப்பட்டவற்றுள் ஒன்று கருங்கடலில் கப்பல்களின் பாதுகாப்பு. தன் வேளாண் வங்கி மீதான தடைகளை நீக்கினால்தான் அது செயலுக்கு வரும் என்று ரஷ்யா நிபந்தனை வைத்தது. அறிவிப்போடு அது நின்றுபோனது. கடலில் வெல்ல முடியாததை மேசையில் பெறுவதற்கு ரஷ்யா செய்த முயற்சியாகவே இதை நான் பார்க்கிறேன். தன் துறைமுகங்கள் இயங்கிக்கொண்டிருக்கும்வரை உக்ரைனுக்கு அப்படியொரு பேரத்துக்கு இறங்கிவரும் அவசரம் இல்லை. அதனால்தான் ஒடெசாவின் கிரேன்களும் தானியக் கிடங்குகளும் இரவுதோறும் ட்ரோன்களால் குறிவைக்கப்படுகின்றன. பதிலுக்கு, ரஷ்ய எண்ணெயோடு கசகஸ்தான் எண்ணெயும் கப்பலேறும் நொவொரொசிஸ்க் பக்கம் உக்ரைனின் கை நீள்கிறது. இனி இப்போர்ச் செய்திகளில், எந்தக் கிராமம் விழுந்தது என்பதற்கு முன், கருங்கடலுக்குள் நுழையும் சரக்குக் கப்பல்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் ஏறியதா இறங்கியதா என்பதைத்தான் நான் முதலில் தேடப்போகிறேன். கிள்ளையில் குட்டை வைத்திருக்கும் தம்பிக்கும் அதையே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.