அட்டெண்டன்ஸ் எடுக்காத ஊர்

வெளிநாடு போய்ப் படிக்கலாமா என்று கல்லூரித் தம்பி தங்கைகள் கேட்கும்போதெல்லாம் போங்கள் என்றுதான் சொல்கிறேன். சம்பளக் கணக்கையும் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமைக் கதையையும் கன்சல்டன்சிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பி.இ. முடித்துவிட்டு ஜெர்மனியின் டார்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ்சி. படிக்க வந்தவன். இங்கே வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. பெரும்பாலான பாடங்களுக்கு இன்டர்னல் மார்க்கும் கிடையாது. செமஸ்டர் முழுக்க வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டாலும் வீட்டுக்கு போன் போகாது. கடைசியில் ஒரே ஒரு தேர்வு. அதற்கும் நீங்களே பதிவு செய்ய வேண்டும். தேதி தாண்டினால் அடுத்த வாய்ப்புதான். ஒரு பாடத்தைப் பொதுவாக மூன்று முறை எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். கைநிறைய அரியரோடு கடைசி வருடம் வரை ஜாலியாகத் திரிந்த சீனியர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஒரு செமஸ்டர் போனதும், யாரும் விரட்டாமல் தானாக நூலகத்துக்குப் போகிற ஆளாக மாறியிருந்தேன். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் விடைத்தாள் பார்க்கும் நாள். முடிவு வந்தபின் ஒரு நாள் குறித்து, திருத்திய தாளை நம் கையிலேயே கொடுக்கிறார்கள். நம் ஊரில் நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டணம். திருத்தியவர் யாரென்று கடைசிவரை தெரியாது. இங்கே அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் தாளைப் பார்க்கப் போனபோது பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண், “முதல் வரியில் பிளஸ், மைனஸ் குறி தப்பு, சரி. அதற்குப் பிறகு வந்த படிகள் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கின்றன, அதற்கு ஏன் மார்க் இல்லை?” என்று கேட்டாள். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. திருத்திய உதவி ஆசிரியர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். இரண்டு புள்ளிகளைக் கூட்டி, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. எனக்கும் ஒரு இடத்தில் சந்தேகம் இருந்தது, கேட்டேன். ஒரு புள்ளி கூடியது. அதனால் கிரேடு ஒன்றும் மாறவில்லை. ஆனால் ‘சார்’ போடாமல், தலையைச் சொறியாமல் ஒரு ஆசிரியரிடம் என் பக்க நியாயத்தைச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘ஜெர்மனியில் எல்லாம் ஃப்ரீ’ என்பது பாதி உண்மை. டார்ட்முண்டில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு ஒரு தொகை கட்டினால் பயணச் சீட்டும் அதிலேயே வந்துவிடும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதலே நம் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் போட்டுவிட்டது. விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது நினைத்தபோது மொத்தமாக எடுக்க முடியாத கணக்கில், ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. வந்தபின் மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பக் கிடைக்கும். பகுதிநேர வேலைக்கும் வரம்பு உண்டு, வருடத்துக்கு 140 முழு நாட்கள். வேலை செய்தே கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீடு தேடிய கதை எல்லாருக்கும் ஒன்றுதான், விடுங்கள். அறை கிடைத்ததும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்தால் போதும், தபால் பெட்டி நிறைய ஜெர்மன் கடிதங்கள் வரும். அப்படி ஒன்றைப் புரியாமல் பையில் வைத்துக்கொண்டு, கறிவேப்பிலை வாங்க ஈழத்தமிழர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “இது ரேடியோக் காசு தம்பி, அரச ரேடியோ, டி.வி.க்கு எல்லா வீடும் கட்டுற காசு. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கட்டினால் காணும். உங்கட வீட்டில இருக்கிற மற்றப் பெடியள் கட்டுகினமோ எண்டு கேளுங்கோ.” கேட்டேன், ஒருவன் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தான். அவன் கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பியதோடு விஷயம் முடிந்தது.

அந்த அண்ணர் 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். பிளாக்டு அக்கவுண்ட் என்றால் என்னவென்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வெகுநேரம் சிரித்தார். கோடையில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு என்னையும் கூட்டிப் போனார். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் நிற்கிறது. ஜெர்மனி போகிறேன் என்று கிளம்பியவனுக்கு யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது டார்ட்முண்ட்தான்.

குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்; அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பாடம் ஆங்கிலத்தில்தானே என்று ஜெர்மனைத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே சேர்ந்து, அடிப்படையின் இரண்டாம் படியான ஏ2 வரையாவது முடித்துவிட்டு வாருங்கள். கடிதம் படிக்க நானும் வருகிறேன், ஆனால் பகுதிநேர வேலைக்கான நேர்காணலில் உங்களுக்குப் பதிலாக நான் பேச முடியாது.