வெள்ள நேரத்தில் கைப்பேசி

2017 நவம்பர் 4 இரவு பெய்த மழையை மலேசியாவின் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கனமழையோடு ஆயர் பாசாங்கும், அதாவது கடலேற்றமும், சேர்ந்துவிட்டால் சுங்கை பினாங்கு ஆற்றின் தண்ணீர் கடலில் இறங்க வழியில்லை. அதனால் மழையை மட்டும் பார்க்காதீர்கள், கடலேற்ற நேரத்தையும் பாருங்கள்.

வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்ஸின் இன்ஃபோ பஞ்சிர் என்ற வெள்ளத் தகவல் தளத்தில் உங்கள் வீட்டுக்கு மேலே, மலைப்பக்கம் உள்ள ஆற்று நீர்மட்ட நிலையத்தைக் குறித்து வையுங்கள். 'வஸ்பாடா' (விழிப்பு) என்று காட்டும்போதே காரை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். 'பஹாயா' (ஆபத்து) வரும்வரை காத்திருந்தால் சாலை இருக்காது.

கரண்ட் போனால் டவர் பேட்டரியில்தான் ஓடும், அதுவும் சில மணி நேரம்தான். எல்லாரும் ஒரே சமயத்தில் அழைத்தால் லைன் கிடைக்காது. எஸ்எம்எஸ் அப்படியல்ல, சிக்னல் கொஞ்ச நேரம் வந்தாலும் போய்விடும். அதில் வீட்டு எண், ஜாலான் (சாலை) பெயர், எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா என எழுதுங்கள். "நாங்க மாட்டிக்கிட்டோம்" என்பதை வைத்துப் படகுக்காரர் எங்கே தேடுவார்? அவசர எண் 999 கிடைக்காவிட்டால் 112. உங்கள் கைப்பேசி நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு டவர் வழியே அது போகும்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 6,000தான். முழுதாக ஏற்றி ஜிப் பையில் போடுங்கள்.

தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், அன்றைக்கு அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே உதவிக் குரல் புதைந்துபோகிறது. போன வருட வெள்ளப் படத்தை இன்றையது என்று அனுப்பும் மாமா எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. தேதியும் நேரமும் இல்லாத படத்தை அட்மின் போட வேண்டாம்.