உள்ளங்கையில் எழுதிய நேரம்

"பதினொன்று நாற்பதுக்கு ரத்தம் எடுக்கணும், எங்கேயும் போயிடாதேம்மா" என்ற செவிலியர், கர்ப்பமாயிருக்கும் என் தங்கையின் உள்ளங்கையில் அந்த நேரத்தைப் பேனாவால் எழுதியும் விட்டார்.

75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை முகம் சுளித்தபடி அவள் குடித்து முடித்திருந்தாள். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்ததற்காக யாரும் கடிந்துகொள்ளவில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த இந்த முறையில் வெறும் வயிறு கட்டாயமில்லை. குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு.

அவளுக்கு 152.

"இனிப்பே தொடுறதில்லையே அக்கா" என்று அழுதாள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதாலும், அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் சுரக்க இயலாமல் போவதாலும் ஏறுகிற சர்க்கரை இது, அவள் செய்த பிழை அன்று என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

உண்மையில் மாற வேண்டியவர், "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று தட்டை நிரப்பும் எங்கள் அம்மா. சோற்றைக் குறைத்து, சுண்டலும் கீரையும் கூட்டி, வேளைகளைச் சிறிதாகப் பிரிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் உணவுக்குப் பிந்தைய இரண்டு மணி நேர அளவு 120-க்குக் கீழே இறங்காவிட்டால்தான் மருந்து. பிரசவமான ஆறாவது வாரம் மீண்டும் ஒரு பரிசோதனை.

வளைகாப்புச் சித்திரான்னங்களை என்ன செய்வது என்று அம்மா இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.