சி.ஆர். கொப்பியில் அழித்த பெயர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் இருக்கிற எங்கள் மூன்று அறை விடுதியின் பதிவேடு ஒரு சி.ஆர். கொப்பிதான், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தடித்த நோட்டு. பெயர், கடவுச்சீட்டு எண், வந்த நாள், போன நாள். வந்து சேர்ந்தவர்களைப் பேனாவாலும், வரப்போகிறவர்களைப் பென்சிலாலும் எழுதுவேன். 2019ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஏப்ரல் 20ஆம் திகதி வந்த ஒரு ஜெர்மன் தம்பதிக்குப் பிறகு பென்சில் எழுத்தெல்லாம் அழிக்கப்பட்டிருக்கிறது. அழித்த இடத்தில் என் மகள் பூனை வரைந்திருக்கிறாள். அடுத்த பேனா எழுத்து ஜூலை 19.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அந்தத் தம்பதிக்கு நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்தது. செத்தவர்களில் பலர் குழந்தைகள். கொழும்பில் ஹோட்டல்களிலும் வெடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மாலையே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். காசை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஏப்ரல் 25ஆம் திகதி பிரித்தானியா பயண எச்சரிக்கை விடுத்தது. அரசாங்கம் போகாதே என்று சொன்ன நாட்டுக்குப் போனால் பயணக் காப்புறுதி செல்லுபடியாகாது. காப்புறுதி இல்லாமல் எந்தப் பயண நிறுவனமும் ஆளை அனுப்பாது. பயந்தவர், பயப்படாதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாம் ரத்து. 2018 மே மாதம் நாட்டுக்கு வந்தவர்கள் 1,29,466 பேர். 2019 மே மாதம் 37,802 பேர். ஜூன் 6ஆம் திகதி பிரித்தானியா எச்சரிக்கையைத் தளர்த்தியது. ஆறு வாரம்தான். ஆனால் பாசிக்குடாவின் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. பிறகு வாடைக்காற்றும் மழையும். தெற்குக் கரைக்காரர்களுக்கு டிசம்பர் இருந்தது. எங்களுக்கு அடுத்த பருவம் 2020இல். அந்த ஆண்டு என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். கடன் சலுகை கேட்டுப் போனேன், பதிவுச் சான்றிதழ் உள்ள விடுதிகளுக்கு மட்டும் என்றார்கள். சி.ஆர். கொப்பியைக் காட்டவா முடியும்?

எழுத வந்தது ஆனால் நானாவைப் பற்றி.

நானா என்று நான் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், பக்கத்து ஓட்டமாவடிக்காரர். காலையில் மீன் கொண்டுவருவார், பகலில் என் விருந்தினர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். குண்டு வெடித்த பிறகு இரண்டு மாதம் அவரை நான் கூப்பிடவில்லை. அயலில் என்ன சொல்வார்களோ என்ற பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. குண்டு வைத்த இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தலைவன் சஹ்ரானும் இந்த மாவட்டத்துக்காரன் என்று தெரிந்த முதல் சில நாள்கள் நானாவின் முகம் நினைவுக்கு வந்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கொலைகளைப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர் இது. அவர்கள் மறக்கவில்லை, நாங்கள் கேட்டு வளர்ந்தோம்.

ஒருநாள் அவரே வந்து வாசலில் நின்றார். சட்டைப் பையில் அடையாள அட்டை வெளியே தெரிய நீட்டிக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடிகளில் எடுத்து எடுத்து அங்கேயே வைத்திருந்தார்.

“மீன் வேண்டாமா தங்கச்சி? இல்லை, நான் வேண்டாமா?”

பாரை மீன் இரண்டு வாங்கினேன். வீட்டில் சாப்பிட ஆள் இல்லை.

அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு ஹோட்டலில் சமையல்காரர். யுத்தத்தில் அது பாழாகி, சுவருக்குள் எருக்கலை முளைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2009க்குப் பிறகு பெரிய ஹோட்டல்கள் வந்தன. மீனவர்களின் கரையோரக் குடிசைகளான வாடிகள் ஒதுங்கின. திட்டம் போடுகிறவர்களுக்கு சுற்றுலா என்றால் கட்டடமும் காவலும்தான். பெரிய ஹோட்டல் வாசலில் ஆள் போட்டு உள்ளே நீச்சல் குளத்தைக் காட்டலாம். என்னிடம் குளம் இல்லை. வாழைச்சேனை மீன் சந்தை, ஓட்டமாவடித் தேநீர்க் கடை, இரண்டுக்கும் நடுவே ஓடும் நானாவின் ஆட்டோ, இவ்வளவுதான் என் விடுதி. இந்தத் தெரு ஒன்றையொன்று பார்த்துப் பயந்தால், எச்சரிக்கையை நீக்கி என்ன பயன்?

நானாவின் மகன் ஜெர்மன் பயணிகளிடமே பழகிப் பழகி அந்த மொழி கற்றுக்கொண்டவன். களப்போரம் கூட்டிப்போய்க் கதை சொல்வதில் கெட்டிக்காரன். 2019 முடியும் முன் தோஹாவுக்குப் போனான், இப்போது அங்கே டாக்சி ஓட்டுகிறான். 2024இல் நாட்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்தார்கள் என்கிறார்கள். என் அறைகளும் அந்த ஆகஸ்டில் நிறைந்தன. அவனை மட்டும் திருப்பி அழைக்கும் தைரியம் அவன் தகப்பனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அந்த ஆகஸ்டில் வந்த ஜெர்மன் பெண் ஒருத்தி, யாரோ பழைய பயணி எழுதியதைப் படித்துவிட்டு, “கதை சொல்லும் இளைஞர் எங்கே?” என்று கேட்டாள். நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எனக்கு ஜெர்மன் தெரியாதே தங்கச்சி” என்றார். பத்து நிமிடத்தில் ஆட்டோ வாசலில் நின்றது.