கிழக்குச் சுவரின் நிழல்: ஐந்தாவது தாள்

நான்கு தாள்களைப் பாழாக்கிய பிறகு, ஐந்தாவது தாளில் நேற்று அந்த நிழல் நிழலாகவே விழுந்துவிட்டது. செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய புளியரையில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஆச்சியின் ஓட்டு வீட்டை, தை மாதத்து மாலை நான்கு மணி வெயிலில், கால் ஷீட் அளவில், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள காட்டன் தாளில் வாட்டர்கலரில் தீட்டுவதுதான் எடுத்துக்கொண்ட வேலை. வெயில் படும் தென் சுவர் முதல் நாளே வந்துவிட்டது. நிழலில் நிற்கும் கிழக்குச் சுவர்தான் மூன்று வாரம் என்னை அலைக்கழித்தது.

வெயில் வெப்ப நிறமென்றால் (மஞ்சள், சிவப்பு) நிழல் குளிர் நிறம் (நீலம்) என்ற பாடத்தை அப்படியே நம்பி, முதல் தாளில் அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, நீர்த்த வண்ணத்தைச் சுவர் முழுவதும் ஒரே வாஷாக இழுத்தேன். காய்ந்து பார்த்தால் அது நிழலாக இல்லை, நீல பெயின்ட் அடித்த சுவராக இருந்தது. பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் இருக்கும்போது, வெறும் சாம்பல் நிறத்தை வைத்தாலே கண் அதை நீலமாகத்தான் படிக்கும். பாரிஸின் கோப்லின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராயப் போய், குற்றம் சாயத்தில் இல்லை, அருகிலிருக்கும் நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டு 1839-இல் புத்தகமே எழுதினார். அதையெல்லாம் படித்திருந்தும் தூரிகையைக் கையில் எடுத்ததும் மறந்துபோனேன் என்பதுதான் வெட்கக்கேடு.

இரண்டாவது தாளில் கொஞ்சம் யோசித்தேன். முற்றம் செம்மண், ஆகவே மண்ணுக்கு அருகிலுள்ள சுவரின் அடிப்பகுதியில் செம்மை எதிரொளிக்கும், மேலே போகப் போக வானத்து நீலம் கூடும் என்று கணக்குப் போட்டு, அடியில் பர்ன்ட் சியன்னாவைத் தாராளமாக விட்டேன். படத்தைப் பார்த்த ஆச்சி, "என்ன மக்கா, எஞ்சுவத்துல ஓதம் ஏறுன மாதிரில்லா இருக்கு" என்றார். ஈரம் ஏறிய சுவராம். அதற்கு மேல் யாரும் விமர்சனம் எழுத வேண்டியதில்லை. மூன்றாவது தாளை இரவில் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) பல்பின் கீழ் முடித்தேன். அந்த மஞ்சள் ஒளியில் நீலம் மங்கித் தெரியவே மேலும் மேலும் நீலத்தைச் சேர்த்துவிட்டேன், விடிந்ததும் அது கூச்சலிட்டது. கெல்வின் எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாவதும், அதைக் கடைக்காரர்கள் ‘வார்ம்’ என்று விற்பதும், இயற்பியல்படி அதிகச் சூட்டில்தான் நீல ஒளி பிறப்பதும் சேர்ந்து இன்னும் என்னைக் குழப்புகின்றன. இப்போது மேஜைக்கு மேலே 6500 கெல்வின் ட்யூப்லைட் மாட்டியாகிவிட்டது.

திருப்பம் வண்ணத்தில் வரவில்லை, ஓர் அட்டையில் வந்தது. வரைதாள் பேடின் பின்னால் வரும் சாம்பல் அட்டையில் நான்கு விரல் இடைவெளியில் இரண்டு துளைகள் இட்டு, ஒன்றில் இறவாணத்துக்கு (கூரையின் நீட்டிய விளிம்பு) கீழுள்ள சுவரும் மற்றதில் சுவரின் அடியும் தெரியும்படி கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். நான் நினைத்ததற்கு நேர் எதிராக, மேலேதான் சூடு, கீழேதான் குளிர்ச்சி. ஐந்து நிமிடம் முற்றத்தில் நின்று யோசித்த பிறகு காரணம் புரிந்தது. சுவருக்கு அடியிலுள்ள மண் வீட்டின் நிழலுக்குள்ளேயே கிடக்கிறது. அதன்மேல் வெயில் இல்லாததால் அது எதிரொளிக்கச் செம்மை எதுவும் இல்லை, சுவரின் அடிப்பகுதியோ திறந்த கிழக்கு வானத்தைத் தாராளமாகப் பார்க்கிறது. இறவாணத்துக்குக் கீழே உள்ள பகுதிக்கு வானத்தின் பெரும்பகுதியை ஓடு மறைத்துவிடுகிறது. நிழலுக்கு அப்பால் வெயிலில் கிடக்கும் செம்மண்ணிலிருந்து எழும்பும் ஒளியும், ஓட்டின் அடிப்பக்கச் சிவப்பும்தான் அதற்குக் கிடைக்கின்றன.

இது தெரிந்த பிறகும் நான்காவது தாள் பாழானது, ஏனென்றால் டோன், அதாவது நிறத்தின் வெளிர்வு-கருமை அளவு, தவறியது. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா இரண்டையும் மட்டும் வைத்து, ஒன்று செம்மை சாய்ந்த சாம்பல், மற்றது நீலம் சாய்ந்த சாம்பல் என இரண்டு குழிகளில் கலக்க வேண்டும். இரண்டும் கருமையில் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று அழுத்தமாகிவிட்டால் கண் அதை வெப்பநிலை மாற்றமாகப் படிக்காது, இரண்டு தனிச் சுவர்களாகப் படித்துவிடும். ஈரத்தில் பார்த்து ஒப்பிடுவதும் வீண், காய்ந்தால் இரண்டும் வெளிறும். ஆகவே அதே தாளின் வெட்டுத்துண்டில் இரண்டையும் பட்டையாக இட்டு, முழுதாகக் காயவிட்டு, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தேன். பட்டைகளுக்கு நடுவே உள்ள எல்லை மறைய வேண்டும். ஏழாவது பட்டையில் மறைந்தது. (வண்ணப் படம் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, கேமரா தானாகவே நிழலின் நீலத்தைத் திருத்திவிடுகிறது.) பிறகு பலகையைச் சாய்த்து, மேலிருந்து செஞ்சாம்பலைத் தொடங்கி, பாதியில் தூரிகையைக் கழுவாமலேயே நீலச்சாம்பலில் தொட்டு இறக்கினேன். கணவாய்க் காற்று தாளை உலர்த்திவிடக் கூடாதென்று இந்த ஒரு வாஷை மட்டும் வீட்டுக்குள்ளே வைத்துத்தான் போட்டேன்.

இடையில் ஒரு புலம்பல். செருலியன் என்ற வான்நீலம் வேண்டுமென்று வெளியூர்க் கடையொன்றில் தபாலில் வரவழைத்தால், பெயருக்குப் பின்னால் பொடி எழுத்தில் ‘ஹியூ’ என்றிருக்கிறது, அசல் நிறமி இல்லாத போலி நிறம் என்று பொருள். பின்பக்கத்து நிறமி எண்ணோ பி.பி. (பிக்மென்ட் ப்ளூ) 15, அதாவது தாலோ ப்ளூ, உடன் வெள்ளை. அசலான செருலியன் பி.பி. 35 என்று இருக்க வேண்டும். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். இனித் தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரத்துக்கே பஸ் ஏறி, ட்யூபைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

ஆனியில் சாரல் தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். மேகம் மூடிய வானத்திலிருந்து வரும் ஒளியே குளிர்ச்சியாக இருப்பதால், இடுக்குகளில் விழும் நிழல் அதனோடு ஒப்பிட வெதுவெதுப்பாகத் தெரியும். அதைப் பழகுவதற்குக் கேரளப் பக்கம் கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதிமூன்று கண் பாலத்தைக் குறித்துவைத்திருக்கிறேன். 1904-இல் திறந்த மீட்டர்கேஜ் ரயில் பாதைக்காக எழுப்பிய கருங்கல் வளைவுகள் அவை. பச்சை மலைக்கு முன்னால் பதிமூன்று வளைவுகளின் உட்புறங்களையும் சாம்பலிலேயே வேறுபடுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே கை துறுதுறுக்கிறது.

ஆனால் ஆச்சி வீட்டின் கூரை இன்னும் வெற்றுத் தாளாகவே இருக்கிறது. ஓடுகளுக்கு லைட் ரெட் என்ற மண்சிவப்பு போதுமா, கிழக்குச் சரிவில் வானத்து நீலத்தை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவாகவில்லை. அதற்குள் பங்குனிக் கோயில் கொடைக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்கப்போவதாக ஆச்சி சொல்லிவிட்டார். சுண்ணாம்பில் நீலப் பொடி கலந்துதான் அடிப்பார்களாம். அதுவும் அல்ட்ராமரின்தான்.