அளக்கும் முன் ஒரு கேள்வி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் பாலர் பள்ளியின் பலனை அளக்க ஆள் வருகிறார்களாம். வரட்டும். எதை அளப்பார்கள்? சேர்ந்த நாளில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது என்ற பதிவே இல்லை. வருகைப் பதிவேடு மட்டும் பளபளக்கிறது.

1970களில் அமெரிக்காவில் திட்ட மதிப்பீட்டு அறிஞர் ஜோசப் வோலி சொன்னது இதற்குத்தான் பொருந்தும்: இலக்கு தெளிவா, திட்டமிட்டது வகுப்பில் உண்மையிலேயே நடக்கிறதா, தரவு கிடைக்குமா, முடிவை யாராவது பயன்படுத்துவார்களா என்று முதலில் பாருங்கள். மிஷிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு, 123 பிள்ளைகளை ஆரம்பத்திலேயே பாலர் பள்ளிக்குப் போகும் குழு, போகாத குழு என இரண்டாகப் பிரித்தது. அதனால்தான் பல்லாண்டு கழித்தும் ஒப்பிட முடிந்தது.

இங்கே தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகைக் காலம் தொட்டு "பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்" என்பதே அறிக்கை! ஆசிரியைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் யாரும் ஒரு படிவம்கூடத் தந்ததில்லை. அடுத்த சேர்க்கைக்கு முன் ஒரு பக்கத்தில் தயாரிக்கப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது கைகொடுங்கள்.