லண்டன் போலவே, இவை தவிர

எண்பதுகளில் லண்டனில் நான் பார்த்த வேலை, நாளிதழ்களுக்கு டிவி நிகழ்ச்சிப் பட்டியல் தயாரிப்பது. செய்தி எழுதுகிறவர்கள் அதைப் பெரிய வேலையாக மதிக்க மாட்டார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேப்பரை எடுக்கிறவர்களில் நிறையப் பேர் நேராகத் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். அதில் ஒரு நேரம் தவறாக இருந்தால் மறுநாள் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

பிபிசி 1, பிபிசி 2, விளம்பர வருமானத்தில் ஓடும் ஐடிவி, 1982 நவம்பரிலிருந்து சேனல் 4 என்று பக்கத்தில் நான்கு பத்திகள். ஐடிவி பத்தியில் காலையிலிருந்து இரவு வரை முழுசாக அச்சாவது லண்டன் நிகழ்ச்சிகள் மட்டுமே. மற்ற ஊர்களுக்கெல்லாம் பக்கத்தின் அடியில்தான் இடம். பகுதியின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, 'லண்டன் போலவே, இவை தவிர' என்று ஆரம்பித்து, மாறுகிற நிகழ்ச்சிகளை மட்டும் நேரத்தோடு அடுக்கிக்கொண்டு போவோம். கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுத்தான் படிக்க வேண்டும், அவ்வளவு பொடி எழுத்து. அந்தப் பொடி எழுத்துப் பகுதி என் பொறுப்பில் இருந்தது.

ஒரே நாடு, ஒரே சேனல், பிறகு ஏன் ஊருக்கு ஊர் வேறு நிகழ்ச்சி என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஐடிவி பிறந்த விதம் அப்படி. 1955 செப்டம்பர் 22-ஆம் தேதி லண்டனில் அது தொடங்கியபோதே, நாடு முழுவதையும் ஒரு கம்பெனி கையில் கொடுப்பதில்லை என்று முடிவாகியிருந்தது. பகுதிக்கு ஒரு கம்பெனி, தனித்தனி உரிமம். மான்செஸ்டரில் கிரனாடா, நியூகாசிலில் டைன் டீஸ், நாரிச்சில் ஆங்லியா, கார்லைலில் பார்டர், அபர்டீனில் கிராம்பியன், பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் என்று ஏழெட்டு வருஷத்துக்குள் நாடு நிறைந்துவிட்டது. லண்டனுக்கு மட்டும் இரண்டு கம்பெனி. வார நாட்களில் தேம்ஸ், வெள்ளிக்கிழமை மாலை 5.15-க்குப் பிறகு லண்டன் வீக்எண்ட். ஆக, என் காலத்தில் 14 பகுதிகள், 15 கம்பெனிகள்.

'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடர், பத்து மணிச் செய்தி போன்றவை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும். பிற்பகல், ஆறு மணியை ஒட்டிய நேரம், ஞாயிறு மதியம், இரவு பத்தரைக்கு மேல் இதெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். ஒரு ஊரில் பழைய கௌபாய் படம் ஓடும் நேரத்தில் பக்கத்து ஊரில் அமெரிக்க போலீஸ் தொடர் ஓடும்.

நிகழ்ச்சித் தாள்கள் தபாலில் முன்கூட்டியே வந்துவிடும். கடைசி நேர மாற்றம் டெலக்ஸ் என்ற தட்டச்சுச் செய்தி இயந்திரத்தில் வரும், அல்லது யாராவது போன் செய்து சொல்வார்கள். லண்டன் தாளை இடது பக்கம் விரித்து வைத்து, மற்றதை ஒவ்வொன்றாக வலது பக்கம் வைத்து, ரூலரை வரிவரியாக இறக்கிக்கொண்டே போய் வேறுபடும் இடத்தில் பென்சிலால் சுழிக்க வேண்டும். கொஞ்ச நாளில் பெயரை மறைத்துவிட்டுத் தாளைக் காட்டினாலும் எந்த ஊர் என்று சொல்ல வந்துவிட்டது. ஞாயிறு மதியம் விவசாய நிகழ்ச்சி கனமாக இருந்தால் அது ஆங்லியா. கோதுமையும் சர்க்கரை எடுக்கிற பீட்டும் விளைகிற கிழக்குச் சமவெளிக்கு அது வேண்டும், லண்டன்காரருக்கு வேண்டாம். ஞாயிறு மதியக் கால்பந்து கூட அப்படித்தான். கிரனாடா தன் வட்டாரத்து ஆட்டத்தைக் காட்டும், யார்க்ஷயர் தன் வட்டாரத்து ஆட்டத்தை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலைத்தொடர்தான், ஆனால் டிவியில் அவை இரண்டு தேசம்.

ஆறு மணி வரிசையை நான் ஆசையாகவே டைப் செய்வேன். யார்க்ஷயரில் 'காலண்டர்', பார்டரில் 'லுக்அரவுண்ட்', டைன் டீஸில் 'நார்தர்ன் லைஃப்', கிராம்பியனில் 'நார்த் டுநைட்', ஆங்லியாவில் 'அபவுட் ஆங்லியா'. ஒவ்வொன்றும் உள்ளூர்ச் செய்தி நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். தென்மேற்குக் கோடியில், ப்ளிமத்தில், கஸ் ஹனிபன் என்று ஒரு முயல் பொம்மை இருந்தது. பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைகளின் பெயரை அறிவிப்பாளர் படிக்க, அது பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்காகத் துள்ளிக் காட்டும். 1961-இல் வந்தது, நடுவில் கம்பெனியே மாறியும் 1992 வரை நீடித்தது. டெவன், கார்ன்வால் பக்கம் வளர்ந்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முகம் மலரும். பர்மிங்ஹாம்காரருக்கு அது யாரென்றே தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்த முயலுக்கு ஒரே ஒரு வரிதான். இடம் போதவில்லை என்று எதை வெட்டினாலும் அதை நான் வெட்ட விட்டதில்லை.

தொடர்கள்தான் தலைவலி. 'கிராஸ்ரோட்ஸ்' கதையை மூத்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1964-இல் பர்மிங்ஹாமில் ஆரம்பித்த தொடர். 1968-இல் தேம்ஸ் வந்ததும் லண்டனில் அதை நிறுத்தியது. நேயர்கள் கொதித்துப்போய் எழுதினார்கள். சில மாதத்தில் திரும்பப் போட்டார்கள், ஆனால் விட்ட இடத்திலிருந்து. அதனால் லண்டன் மற்ற ஊர்களைவிடச் சுமார் ஆறு மாதம் பின்தங்கியது, கிறிஸ்துமஸ் காட்சிகள் கோடையில் ஓடின. 1975-இல்தான் அந்த இடைவெளி அடைபட்டது. கிரனாடாவோ 1972 வரை அந்தத் தொடரை எடுக்கவே இல்லை.

என் காலத்தில் அதே சிக்கல் ஆஸ்திரேலியத் தொடர்களுக்கு வந்தது. பெண்கள் சிறையைப் பற்றிய 'பிரிசனர்: செல் பிளாக் எச்' மொத்தம் 692 எபிசோட். யார்க்ஷயர் 1984-இல் முதலில் ஆரம்பித்தது. மற்றவர்கள் அவரவர் சௌகரியப்படி ஆரம்பித்து, வாரம் ஒன்றோ இரண்டோ மூன்றோ போட்டார்கள். நடுவில் மாதக்கணக்கில் நிறுத்தவும் செய்தார்கள். இதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, எந்த ஊர் எந்த எபிசோடில் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தேன். மிட்லண்ட்ஸிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் குடிபோன ஒரு அம்மா போன் செய்து, ஏற்கெனவே செத்துப்போன கைதி இங்கே உயிரோடு திரிகிறாளே, நான் விட்ட இடம் வர எத்தனை நாளாகும் என்று கேட்டார். கட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேல். பாவம், சிறிது நேரம் பேச்சே இல்லை. இப்படிப்பட்ட வித்தியாசத்தால் யாருக்கும் லாபமில்லை என்பது என் கருத்து. விவசாய நிகழ்ச்சி வேறுபடுவதற்கு நிலம் காரணம். இதற்கு ஒரு காரணமும் கிடையாது.

வேல்ஸ் விஷயம் வேறு மாதிரி. பக்கத்து மேஜையில் இருந்த சீனியர் தெற்கு வேல்ஸ்காரர். எழுபதுகளில் வெல்ஷ் மொழி நிகழ்ச்சிகளை பிபிசியும், வேல்ஸ் பகுதியின் ஐடிவி கம்பெனியான ஹெச்டிவியும் ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு நடுவே செருகி வந்தன. வெல்ஷ் தெரியாதவர்களுக்கு எரிச்சல், தெரிந்தவர்களுக்கு அது போதவில்லை. அவருடைய தெருவில் பாதி வீட்டு ஆன்டெனா கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தின் மெண்டிப் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்குமாம். வீட்டுக்குள் நுழையாமலே எந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று கூரையைப் பார்த்துச் சொல்லலாம் என்பார். வெல்ஷுக்குத் தனிச் சேனல் தருவதாகச் சொன்ன தாட்சர் அரசு பின்வாங்கியது. வெல்ஷ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் குவின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். 1980 செப்டம்பரில் அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1-ஆம் தேதி அந்த வெல்ஷ் சேனல், எஸ்4சி, ஆரம்பமானது, சேனல் 4-க்கு ஒரு நாள் முன்னதாகவே.

எங்கள் பக்கத்துக்கு அது இன்னொரு பொடி எழுத்துப் பத்தியைக் கொண்டு வந்தது. வேல்ஸில் சேனல் 4-க்குப் பதிலாக எஸ்4சிதான். மாலை முக்கிய நேரத்தில் வெல்ஷ் நிகழ்ச்சிகள். சேனல் 4 நிகழ்ச்சிகள் வேல்ஸில் மட்டும் வேறு நேரத்துக்குத் தள்ளிப்போகும், நள்ளிரவுக்குக் கூட. 2010-இல் டிஜிட்டலுக்கு மாறும்வரை இந்த ஏற்பாடு இருந்தது. அந்தப் பத்தியை சீனியர் யாரிடமும் விட மாட்டார். 'பொபொல் அ கும்' போன்ற தலைப்புகளை புரூஃபில் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார், நான் மூலத்தாளில் விரல் வைத்துத் தொடர்வேன். தாய்மொழியைத் தப்பாக அச்சடித்தால் எப்படிப் பதறும் என்று எனக்கும் தெரியும். அதனால் அச்சுக்கூடத்திலிருந்து எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தை விடமாட்டேன்.

இதெல்லாம் மெல்ல மெல்லக் கரைந்தது. 1991 மார்ச் வரை ஒரு வாரத்து முழுப் பட்டியலை வெளியிடும் உரிமை ரேடியோ டைம்ஸ், டிவி டைம்ஸ் என்ற இரண்டு வார இதழ்களுக்குத்தான் இருந்தது. நாளிதழ்கள் அன்றன்றைய பட்டியலை மட்டும் போடலாம், சனிக்கிழமை இரண்டு நாளுக்கு. அந்தக் கட்டுப்பாடு போய், எல்லாரும் வாரம் முழுக்கப் போடலாம் என்று வந்தபோது எங்களுக்கு ஏகப்பட்ட வேலை. ஆனால் அதே வருஷங்களில் ஐடிவியின் நிகழ்ச்சி நேரங்களை மையத்திலிருந்தே முடிவு செய்யும் முறை வந்துவிட்டது. யார்க்ஷயர் டைன் டீஸை வாங்கியது, லண்டனில் தேம்ஸின் இடத்துக்கு வந்த கார்ல்டன் மிட்லண்ட்ஸ் கம்பெனியான சென்ட்ரலை வாங்கியது, கிரனாடா லண்டன் வீக்எண்டை வாங்கியது. 'இவை தவிர' என்பதற்குப் பின்னால் பத்து வரி இருந்த இடத்தில் நான்கு, பிறகு இரண்டு. 2002 அக்டோபர் 28-ஆம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பகுதிப் பெயர்களே பெரும்பாலும் திரையிலிருந்து போய், எல்லாம் ஐடிவி1 ஆனது. 2004-இல் கிரனாடாவும் கார்ல்டனும் ஒரே கம்பெனியாகிவிட்டன.

செலவு கட்டாது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. விளம்பர வருமானம் நூறு சேனலுக்குப் பிரிந்துவிட்ட பிறகு சின்னக் கம்பெனி தனியாக நிற்க முடியாது. ஆனாலும் லண்டனை அளவுகோலாக வைத்து மற்றவர்களைத் 'தவிர' என்று எழுதியது சரியில்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. அளவுகோல் மட்டும் மிஞ்சியபோது வருத்தமாகவே இருந்தது.

ஜனங்கள் அதைச் சும்மா விடவும் இல்லை. 2009-இல் பார்டரின் உள்ளூர்ச் செய்தியை டைன் டீஸோடு சேர்த்து, நியூகாசிலுக்குப் பக்கத்து கேட்ஸ்ஹெட்டிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். கார்லைல் ஒரு கரை, நியூகாசில் மறு கரை, நடுவே மலை. ஸ்காட்லாந்து பக்கத்து டம்ஃப்ரீஸில் உட்கார்ந்திருப்பவர் கிழக்குக் கரையின் சண்டர்லேண்ட் சாலை நெரிசலை எதற்குப் பார்க்க வேண்டும்? எதிர்ப்பு வருஷக்கணக்கில் ஓயவில்லை. 2013-இல் பார்டருக்கென்று தனியாக முழு அரைமணிச் செய்தி திரும்பக் கிடைத்தது. அடுத்த வருஷம், ஸ்காட்லாந்து பிரிவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடக்கவிருந்த நேரத்தில், எல்லைக்கு வடக்கே இருக்கும் பார்டர் நேயர்களுக்குத் தனி அரசியல் நிகழ்ச்சியும் வந்தது.